நீல டீச்சருக்கு எதுவும் புரியாது

அந்தப் பள்ளியின் மழலையர் வகுப்புக்கு டீச்சர் ஒருத்திதான். மேலங்கிதான் இரண்டு. ஒன்று நீலம், இன்னொன்று மஞ்சள். வந்த வினை எல்லாம் அந்த இரண்டு துணியால் வந்தது.

கல்வித்துறை புதிதாக ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தது. காலையில் முதல் பாதி நாட்டுமொழி, மறுபாதி வீட்டுமொழி. நீல மேலங்கி போட்டிருக்கும்போது டீச்சருக்கு நாட்டுமொழி மட்டும்தான் தெரியும். மஞ்சளுக்கு மாறிவிட்டால் வீட்டுமொழி மட்டும்தான். நீலத்தில் இருக்கும்போது ஒரு பிள்ளை வாய் தவறி வீட்டுமொழியில் பேசிவிட்டால், டீச்சர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து, முகம் கோணாமல் சிரித்து, "எனக்குப் புரியவில்லையே" என்று நாட்டுமொழியில் சொல்ல வேண்டும். தலையை எவ்வளவு சாய்ப்பது என்பதைக்கூடப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். இப்படிச் செய்தால் பிள்ளை வேறு வழியில்லாமல் நாட்டுமொழிக்கு வரும், மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு நாடும் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்பது துறையின் எண்ணம். எண்ணத்துக்கு என்ன, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் நன்றாகத்தான் வரும்.

டீச்சருக்கு நடிப்பில் ஒரு தீராத ஆசை உண்டு. சின்ன வயதில் பள்ளி நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது மரம் வேஷம். கையை விரித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம், ஒரு வசனம் கிடையாது. அந்தக் குறையை எல்லாம் இந்த மேலங்கியில் தீர்த்துக்கொண்டாள். நீலம் போட்டால் முடியைத் தூக்கிக் கொண்டை போடுவாள், மூக்குக்கண்ணாடி மாட்டுவாள், குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள், நடை நிமிர்ந்துவிடும். மஞ்சளில் முடி பின்னலாக முதுகில் கிடக்கும், கண்ணாடி கிடையாது, தரையில் பிள்ளைகளோடு சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் இவள் செய்து காட்டியதைப் பார்த்துக் கைதட்டினார்கள். உச்சி குளிர்ந்துபோய் வீடு திரும்பினாள்.

பிள்ளைகளுக்கு முன்னால் மேலங்கியை மாற்றக் கூடாது என்பது முறையின் கண்டிப்பான விதி. முதல் நாள் மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டி, கழற்றிக் காட்டி, எல்லாரையும் சிரிக்க வைக்கலாம். அதற்குப் பிறகு வகுப்பை ஒட்டி, பாய்கள் சுருட்டி வைக்கும் பாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் மாற்ற வேண்டும். முதல் நாள் பார்த்த பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று. எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரியும், வெளியில் யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கல்யாண வீட்டில் பேசாத சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது போலத்தான்.

முறை பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணீர் கேட்கவே தெரியாமல் வந்த பிள்ளைகள் நாட்டுமொழியில் தண்ணீர் கேட்டார்கள், சண்டை போட்டார்கள், கோள் மூட்டினார்கள். கோள் மூட்ட வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

டீச்சருக்குத்தான் கொஞ்சம் தலை சுற்றியது. ஒருநாள் வீட்டில் நீலத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் ஏதோ கேட்க, இவள் தலையைச் சாய்த்து, கையை விரித்து, "எனக்குப் புரியவில்லையே" என்று நாட்டுமொழியில் சொல்லிவிட்டாள்.

"நான் சொல்றது எதுவும் உன் காதுல ஏறாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் மாமியார். "இன்னைக்குத்தான் நீயே வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டே."

புருஷன் சிரித்து உருண்டான். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நேரத்தில் தான் யார் என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கிலுகிலுப்பை வந்து சேர்ந்தாள். நாலரை வயது. பள்ளி தொடங்கி ஒரு வாரம் கழித்து வந்தவள். கிலுகிலுப்பை என்பது அவள் அப்பா வைத்த செல்லப் பெயர். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பார்த்தது, பார்க்காதது, நேற்றுக் கனவில் வந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கலகலவென்று கொட்டிக்கொண்டே இருப்பாள். அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. உடுப்பில் எப்போதும் கிரீஸ் வாடை. அம்மா வேலைக்காக வெளிநாடு போகக் காத்திருந்தாள். அந்த அலைச்சலில்தான் பிள்ளையைச் சேர்க்க ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

வந்த புதிதில் கிலுகிலுப்பை நீல நேரத்திலும் ஒன்றிரண்டு நாட்டுமொழிச் சொற்களை எடுத்து விட்டாள். பிறகு ஒருநாள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மஞ்சள் நேரத்தில் பழைய கிலுகிலுப்பை. நீல நேரத்தில் வாயைத் தைத்தாற்போல உட்கார்ந்திருப்பாள். முறைப்பு இல்லை, அழுகை இல்லை. நீல டீச்சரைப் பார்த்து இரக்கத்தோடு ஒரு பார்வை மட்டும். அந்தப் பார்வைதான் டீச்சரை மிகவும் குழப்பியது.

வகுப்புச் சுவரில் கம்பளித் துணியில் வெட்டி ஒட்டிய நாட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. "நான் இந்த நாட்டுப் பிள்ளை" என்று நாட்டுமொழியில் திக்காமல் சொல்லும் பிள்ளையின் படத்தை அதில் ஒட்டுவார்கள். நாளாக ஆக வரைபடம் நிறைந்துகொண்டே வந்தது. கிலுகிலுப்பையின் படம் மட்டும் மேசை இழுப்பறையில் பென்சில் சீவலோடு கிடந்தது. நாட்டுக்குள் நுழைய முடியாமல் ஒரு குழந்தை இழுப்பறையில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு நெஞ்சு உறுத்தும்.

"அம்மா போன ஏக்கம்" என்றார்கள் எல்லாரும். டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். ஏக்கம் என்றால் ஏன் காலையில் முதல் பாதிக்கு மட்டும் ஏக்கம்? மறுபாதியில் அது எங்கே போகிறது? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள், பிடிபடவில்லை.

அம்மா போன நாள் டீச்சருக்கு நினைவில் இருந்தது. இருந்தும் அதை ஒரு மூலையில் தள்ளித்தான் வைத்திருந்தாள். அன்று நீல நேரம். கிலுகிலுப்பை தாமதமாக வந்தாள். தலை சரியாகச் சீவவில்லை, காலில் செருப்பு இடம் வலம் மாறியிருந்தது. நேராக வந்து நீல மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அம்மா ஏரோப்ளேன்ல போயிட்டாங்க. நான் தூங்கிட்டு இருந்தேன். என்னை எழுப்பவே இல்ல."

டீச்சருக்குப் பகீரென்றது. குனிந்து வாரி எடுத்துக்கொள்ளக் கைகள் கிளம்பிவிட்டன. ஆனால் வாசலில் பள்ளியின் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் நின்றிருந்தார், கூடவே இந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேறு பள்ளியிலிருந்து வந்த இரண்டு பேர். கிளம்பிய கைகள் பாதியிலேயே விரிந்துகொண்டன. தலை சாய்ந்தது. உதடு சிரித்தது. "எனக்குப் புரியவில்லையே" என்றது நாட்டுமொழி.

கிலுகிலுப்பை அவளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, இன்னும் நிதானமாக, காது மந்தமானவரிடம் சொல்வது போலச் சொன்னாள். "அம்மா… போயிட்டாங்க. என்னை… எழுப்பல."

டீச்சர் மறுபடி தலையைச் சாய்த்தாள். வந்தவர்கள் அதைப் பாராட்டித் தலையாட்டினார்கள். கிலுகிலுப்பை மேலங்கியை விட்டாள். தான் கசக்கிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மஞ்சள் நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று டீச்சர் நினைத்தாள். மஞ்சள் நேரத்தில் ஒருத்தன் மூக்குக்குள் பாசிமணியைத் திணித்துக்கொண்டான். அதை எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் பார்த்தால் கிலுகிலுப்பை பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். சரி, பிள்ளை தேறிவிட்டது என்று இவளும் விட்டுவிட்டாள்.

ஆண்டு முடியப் போகிற நேரத்தில் பெரிய டீச்சர் கூப்பிட்டு விட்டார். துறையிலிருந்து மேற்பார்வையாளர் வருகிறார். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாட்டுமொழியில் பேசிப் பார்ப்பார். ஒரு வாக்கியமாவது சொல்லாத பிள்ளைக்கு இங்கே இடமில்லை, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பேச்சுப் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும்.

விஷயம் தெரிந்து கிலுகிலுப்பையின் அப்பா லிஃப்ட்காரர் ஓடி வந்தார். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். வேறு நேரமாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பாள்.

"டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னால கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர முடியாது. எந்தக் கட்டடத்துல எப்ப லிஃப்ட் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? உள்ள ஆள் மாட்டிக்கிட்டுக் கத்தும்போது, இருங்க, பிள்ளையைக் கூப்பிட்டுட்டு வந்துடறேன்னு சொல்ல முடியுமா? இங்க இடமில்லன்னா, வெளியூர்ல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விடறதைத் தவிர வழியில்ல. அம்மாதான் பக்கத்துல இல்ல. நானும் இல்லன்னா அது என்ன பண்ணும்?"

"பேச வைக்கலாம் சார். கொஞ்சம் பொறுங்க."

"அதுதான் எனக்குப் புரியல டீச்சர். வீட்டுல பேசுதே! தலகாணியெல்லாம் வரிசையா உக்கார வெச்சு நாட்டுமொழியிலதான் பாடம் நடத்துது. எனக்கே ரெண்டு வார்த்தை திருத்திச்சு. நானே அசந்துபோயிட்டேன்."

டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் தலகாணிக்குப் பாடம், பள்ளியில் மௌன விரதம். அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் குட்டி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் மஞ்சள் நேரத்தில், மற்றப் பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கிலுகிலுப்பையின் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் கண்ணு, காலைல மட்டும் பேசவே மாட்டேங்கறே?"

"யார்கிட்ட?"

"நீல டீச்சர்கிட்ட."

கிலுகிலுப்பை கட்டையைக் கீழே வைத்துவிட்டு அக்கம் பக்கம் பார்த்தாள். பெரியவர்கள் ஒருவரைப் பற்றிப் பேசும்போது பார்ப்பது போலவே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "உங்க அக்கா பாவம் டீச்சர்."

"எங்க அக்காவா?"

"நீல டீச்சர் உங்க அக்காதானே? மூஞ்சி உங்களை மாதிரியே இருக்கே. ஆனா அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பந்தைக் காட்டி இது என்னன்னு கேக்கறாங்க. மூக்கைக் காட்டி இது என்னன்னு கேக்கறாங்க. நேத்துத்தான் எல்லாரும் சொன்னாங்க, மூக்குன்னு. இன்னைக்கு மறந்துட்டு மறுபடியும் கேக்கறாங்க. இவ்வளோ பெருசா வளந்துட்டு மூக்கு தெரியல. எல்லாரும் சேந்து கத்திச் சொன்னா அவங்களுக்கு வெக்கமா இருக்காதா? அதான் நான் சும்மா இருக்கேன்."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் பிந்தி வந்தவள். முதல் நாள் விளையாட்டைப் பார்க்காதவள். கொண்டையும் கண்ணாடியும் தாழ்ந்த குரலும் இவளை மட்டும் அப்படியே நம்ப வைத்துவிட்டன. இத்தனை மாதமும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு டீச்சர் நிஜமாகவே இரண்டு பேர். அந்தச் சிரிப்பு வெளியே வருவதற்குள் கிலுகிலுப்பை தொடர்ந்தாள்.

"அம்மா போன அன்னைக்குக் கூட அவங்ககிட்டதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அவங்களுக்குப் புரியல. புரிஞ்சிருந்தா என்னைத் தூக்கி வெச்சிருப்பாங்க."

டீச்சர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிலுகிலுப்பை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடியில் இருந்தபடியே கட்டையை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், நாம எல்லாரும் இந்த நாட்டுப் பிள்ளைங்கதானே?"

"ஆமா."

"அம்மா இப்ப வேற நாட்டுல இருக்காங்களே, அவங்க எந்த நாட்டுப் பிள்ளை?"

"அம்மாவும் இந்த நாட்டுப் பிள்ளைதான்."

"அப்ப அவங்க படத்தை எங்க ஒட்டுவாங்க?"

இதற்கு எந்த மேலங்கியிலும் பதில் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சமாளித்தாள். யோசித்தாள். இன்றுவரை சொல்லவில்லை.

அன்று மாலையே பெரிய டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. முறை என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் குழந்தை மாதிரி பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான்.

"அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் மேலங்கியைக் கழட்டிக் காட்டிடறேனே."

"வேண்டவே வேண்டாம்மா. பிள்ளைங்க நம்பறதுலதான் இந்த முறையோட உயிரே இருக்கு. மத்ததுங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே விளையாடுதுங்க. ஒண்ணாவது முழுசா நம்புதேன்னு சந்தோஷப்படுங்க. உங்க நடிப்புக்கு இதைவிட என்ன பாராட்டு வேணும்?"

பாராட்டு என்றதும் டீச்சருக்கு உள்ளே ஏதோ ஒன்று லேசாகக் குளிர்ந்தது. குளிர்ந்த மறுகணமே தன் மேலேயே எரிச்சல் வந்தது. இதில் எது நிஜம் என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

புருஷன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். எதற்கும் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது போலப் பதில் சொல்வான். "ரெண்டும் நீதான்னு சொல்லிட்டுப் போயேன். இதுல என்ன இருக்கு?"

"சொல்லிடலாங்க. சொன்னா அப்புறம்…"

"அப்புறம் என்ன? தெரிஞ்சுக்கும்."

தெரிந்துகொள்ளும், அதுதான். ஆனால் என்னத்தைத் தெரிந்துகொள்ளும் என்று யோசிக்கப் போனபோதெல்லாம் டீச்சரின் மனசு வேறு பக்கம் ஓடியது. சமையலில் உப்பு, மாமியாரின் முழங்கால் வலி, துவைக்க வேண்டிய துணி. நல்ல பிள்ளை, வீட்டுமொழியில் சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்படியே மஞ்சளில் இருந்தபடி சொல்லிப் பார்த்தாள். "கண்ணு, நாட்டுமொழியில பேசினா எங்க அக்காவுக்கு நல்லாவே புரியும். நாளைக்கு ஒரு வார்த்தை பேசேன், எனக்காக."

கிலுகிலுப்பை யோசித்துவிட்டுச் சொன்னாள். "வேணாம் டீச்சர். நான் பேசிட்டு, அவங்களுக்குப் புரியலன்னா, மறுபடியும் பாவமா இருக்கும்." யாருக்குப் பாவமாக இருக்கும் என்று டீச்சர் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். வெயிலில் வந்த களைப்பு, கையில் பேனா, முகத்தில் நல்ல சிரிப்பு. பயமுறுத்தும் ஆள் இல்லை. பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். பின்வரிசையில் அப்பா, அம்மாக்கள். லிஃப்ட்காரர் வேலை உடுப்போடு கதவோரம் நின்றிருந்தார், தொப்பியை மடித்து விரித்து மடித்துக்கொண்டு. பெரிய டீச்சர் சன்னல் பக்கம். டீச்சர் நீலத்தில், கொண்டையும் கண்ணாடியுமாக.

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே மாதிரிதான் கேட்டார், நாட்டுமொழியில். "நீ யார்? இது எந்த நாடு? இவர் யார்?" கடைசிக் கேள்விக்கு டீச்சரைக் கை காட்டுவார். பிள்ளைகள் பொழிந்து தள்ளின. ஒரு பயல் கேட்காமலேயே நாட்டின் மலை, ஆறு எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தொடங்கி, நிறுத்துவதற்குள் பாதி நாட்டைச் சுற்றி வந்துவிட்டான்.

கிலுகிலுப்பையின் முறை வந்தது.

"நீ யார்?"

மௌனம்.

"இது எந்த நாடு?"

மௌனம். கிலுகிலுப்பை நீல டீச்சரைப் பார்த்தாள், அதே இரக்கப் பார்வை. பயப்படாதீங்க, உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது போல.

"இவர் யார்?"

மேற்பார்வையாளர் பொறுமையாகக் காத்திருந்தார். நிஜமாகவே பொறுமைதான். மறுபடியும் மூன்றையும் கேட்டார். பிறகு வருத்தத்தோடு பேனாவை எடுத்தார். கதவோரம் தொப்பி அசையாமல் நின்றுவிட்டது.

அடுத்து டீச்சர் என்ன செய்தாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பாய் அறைக்குள் ஓடி மஞ்சள் மேலங்கியை எடுத்து வந்தாள். எல்லாருக்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்தாள். நீலத்தை உருவி எடுத்தாள். ஒரு கணம் இரண்டும் இல்லாமல் சாதாரணச் சட்டையோடு நின்றாள். பிறகு மஞ்சளைப் போட்டாள், அதற்கு மேலேயே நீலத்தையும் போட்டாள். சன்னல் பக்கம் பெரிய டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள், முதல் நாள் விளையாட்டு திரும்பி வந்துவிட்டதே என்று.

கிலுகிலுப்பை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கிட்டே வந்தாள். நீலத்தின் ஓரத்தைத் தூக்கி உள்ளே இருந்த மஞ்சளைப் பார்த்தாள். அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அவளுக்குள் ஏதோ ஒரு பழைய நாளைத் தேடி எடுத்துப் புரட்டிப் பார்ப்பது டீச்சருக்குத் தெரிந்தது. எந்த நாள் என்பதும் தெரிந்தது. இத்தனை நாளும் யோசிக்கப் போகும்போதெல்லாம் மனசு ஏன் உப்புக்கும் துணிக்கும் ஓடியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கிலுகிலுப்பை பேசினாள். தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல், நாட்டுமொழியில்.

"அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?"

மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. "அடடா!" என்றார். "எத்தனை அழகான வாக்கியம்! பெரியவர்களிடம் பேசும் மரியாதை வேறு. பதில் சொல்வதை எல்லாரும் செய்துவிடுவார்கள், கேள்வி கேட்கத்தான் மொழி முழுதாக வந்திருக்க வேண்டும்!" பேனா சந்தோஷமாக ஓடியது. கதவோரத்தில் லிஃப்ட்காரர் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை அவரோடுதான் இருக்கும். யாரோ இழுப்பறையைத் திறந்து படத்தை எடுத்துப் பென்சில் சீவலை ஊதிவிட்டு வரைபடத்தில் ஒட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கிலுகிலுப்பை இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தலையை அசைத்தாள். ஆமாம் என்பதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. கிலுகிலுப்பை அதைப் பார்த்தாள், மேலங்கியின் ஓரத்தை விட்டாள். இந்தத் தடவை நீவிவிடவில்லை.

மேற்பார்வையாளர் போனார். போகும்போது, "கடைசியில் டீச்சர் செய்தாரே, அது முறையில் இல்லாதது. இருந்தாலும் பலன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரிய டீச்சருக்குத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை, இரண்டும் இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். லிஃப்ட்காரர் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்" என்று தழுதழுத்துவிட்டு, எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடினார். அந்த வாழ்த்தை எங்கே வைப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோமா, கைவிட்டுவிட்டோமா என்பதே அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

மஞ்சள் நேரம் வந்தது. டீச்சர் நீலத்தைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, நேராகக் கிலுகிலுப்பையிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கிலுகிலுப்பை கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு எல்லாமே புரிஞ்சுது. உன்னைத் தூக்கி வெச்சிருக்கணும். ஆளுங்க பாத்துட்டு இருந்தாங்கன்னு சும்மா நின்னுட்டேன். என் தப்புதான். என்மேல கோவமா?"

கிலுகிலுப்பை கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். பயிற்சியில் சொல்லித் தந்த அதே சாய்ப்பு. இரண்டு கைகளையும் விரித்தாள். முகம் கோணாமல் சிரித்தாள்.

"எனக்குப் புரியவில்லையே" என்றாள், நாட்டுமொழியில்.

விளையாடுகிறாளா, கோபமா, மன்னித்துவிட்டுக் கேலி செய்கிறாளா? டீச்சர் அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியாதபடி சிரிப்பதற்குத்தானே அந்தச் சிரிப்பைக் கற்றுத் தந்தார்கள். அதை இத்தனை மாதமும் தினமும் இந்தப் பிள்ளைக்கு முன்னால் சிரித்துக் காட்டியதும் அவள்தானே.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு தடவை, இன்னும் நிதானமாக, காது மந்தமானவரிடம் சொல்வது போலச் சொல்லத் தொடங்கினாள்.